இளம் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி: ஓராண்டின் பாடம்

வியாபாரிகள் படிக்கும் இதழில் பெண்களின் தலைமைப் பயிற்சியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் வாசகர்களில் அநேகருக்குப் பெண் மக்கள் உண்டு. அவர்கள் இன்று பள்ளிப் படிப்போடு நிற்பதில்லை. கல்லூரிக்கும் சர்வகலாசாலைக்கும் போகிறார்கள். படித்து முடித்தபின் அவர்கள் சபையில் எழுந்து நாலு வார்த்தை பேசுவார்களா, ஒரு காரியத்தை முன்னின்று நடத்துவார்களா, அல்லது சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மௌனமாக இருந்துவிடுவார்களா? இதற்கு விடை சர்வகலாசாலையில் மட்டும் இல்லை. தகப்பன்மாராகிய நம்மிடமும் இருக்கிறது.

பழைய பழக்க வழக்கங்களைக் கைவிட்டால்தான் ஒரு பெண் முன்னுக்கு வர முடியும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முன்னுக்கு வந்தால் பழைய பழக்க வழக்கங்கள் போய்விடும் என்று மறு சாரார் அஞ்சுகிறார்கள். இரு சாராரும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள்: பழமையும் தலைமையும் ஒரு வீட்டில் குடியிருக்கா என்பதே அது. இந்த நம்பிக்கை சரிதானா? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழமை பேணும் பெண்கள் இதற்குக் கண்ட விடையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சொற்களின் பொருள்

'கன்சர்வேட்டிவ்' என்றால் இருப்பதைப் பேணிக் காப்பவர் என்று பொருள் கொள்ளலாம். குடும்பம், சமயம், சொந்தத் தொழில், குறைந்த வரி ஆகியவற்றை இவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். பிரிட்டனில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்சி இருக்கிறது. அமெரிக்காவில் இவர்களில் பெரும்பாலோர் ரிபப்ளிகன் கட்சியோடு சேர்ந்தவர்கள். இவர்களுடைய கொள்கை யாவும் நமக்கு உடன்பாடு என்று எவரும் எண்ண வேண்டாம். அந்நாடுகளின் கட்சிச் சண்டையில் நமக்குப் பங்கில்லை. அவர்கள் பெண்களைப் பழக்கிய முறை என்ன என்பதே நமக்கு வேண்டியது.

'நெட்வொர்க்' என்ற சொல்லை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பின் அறியாதவருக்கு மொத்த வியாபாரி கடனில் சரக்குக் கொடுப்பதில்லை. தெரிந்தவர் ஒருவர், "இவர் நாணயமானவர், கொடுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மூட்டை மறுநாள் கடைக்கு வந்துவிடும். அந்த ஒரு வார்த்தைதான் நெட்வொர்க். ஆண்களுக்கு அது கடைத்தெருவிலும் தேநீர்க் கடையிலும் சங்கக் கூட்டத்திலும் தானாகக் கிடைத்துவிடுகிறது. பெண்களுக்கு அதை யாராவது உண்டாக்கிக் கொடுத்தாக வேண்டும்.

மளிகைக் கடைக்காரரின் மகள்

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி இங்கிலாந்தில் கிரந்தம் என்ற சிற்றூரில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் அதிகம் பள்ளியில் படித்தவரல்லர். தம் உழைப்பால் இரண்டு கடைகளுக்குச் சொந்தக்காரரானவர். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்து வந்தார். நகரசபையில் அங்கம் வகித்து, 1945-46-இல் அவ்வூரின் மேயராகவும் இருந்தார். அவர் நூல்நிலையத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து மகளையும் படிக்கச் சொல்வார். நாட்டு நடப்பை அவளோடு பேசுவார். மகள் கடையில் நின்று சாமான் நிறுத்தும் கொடுப்பாள்.

அந்த மகள்தான் மார்கரெட் தாட்சர். ஆக்ஸ்ஃபோர்டில் இரசாயனம் படித்தபோது 1946-இல் அங்குள்ள கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கத்தின் தலைவரானார். 1950-லும் 1951-லும் டார்ட்ஃபோர்ட் தொகுதியில் நின்று இரு முறையும் தோற்றார். பிறகு கல்யாணம், 1953-இல் இரட்டைக் குழந்தைகள். அதன்பின் தொகுதி கேட்டுப் போனபோது சில கமிட்டிகள் அவரை ஏற்கவில்லை. 1959-இல்தான் ஃபின்ச்லி தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். 1975-இல் கட்சித் தலைவி. 1979 முதல் 1990 வரை பிரதம மந்திரி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பதவியை அல்ல. மகளைக் கடை வேலைக்கும் புத்தகத்திற்கும் ஊர்ப் பொதுக் காரியத்திற்கும் ஒருசேரப் பழக்கிய தகப்பனைத்தான். அவர் பழைய நடைமுறைகளைக் கண்டிப்பாகப் பேணிய மனிதர். அந்தக் கண்டிப்பு மகளின் வழியை அடைக்கவில்லை.

ஒருவர் ஏறினால் போதுமா?

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. தாட்சர் பிரதமரான 1979 தேர்தலில் 635 உறுப்பினர் கொண்ட சபைக்கு 19 பெண்களே வந்தனர். அவர்களில் கன்சர்வேட்டிவ் கட்சியினர் எட்டே பேர். அவர் ஆட்சி செய்த பதினொன்றரை ஆண்டுகளில் அவருடைய மந்திரிசபையில் அவரைத் தவிர இடம்பெற்ற பெண் ஒரே ஒருவர்தான். அவர் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த பாரனஸ் யங். பெண் ஒருவர் உச்சிக்கு ஏறியும் அவர் ஏறிய ஏணி மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இக்குறையைப் போக்கவே 2005-இல் தெரசா மேயும் ஆன் ஜென்கினும் 'உமன் டு வின்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பேசப் பழக்குவது, தொகுதிக் கமிட்டியின் கேள்விகளுக்கு விடையளிக்கத் தயார் செய்வது, முன்னே போனவர்களைப் பின்னே வருபவர்களுக்கு அறிமுகப்படுத்துவது ஆகியவையே அதன் வேலை. 2005-இல் அக்கட்சியில் 17 பெண் உறுப்பினர்கள் இருந்தனர். 2010-இல் 49, 2015-இல் 68. கட்சி தேர்தலில் வென்றதும், தலைவர் கேமரூன் வேட்பாளர் பட்டியலைத் திருத்தியதும் இதற்குக் காரணங்களே. என்றாலும், பட்டியலில் போடத் தகுந்த பெண்களைப் பழக்கி வைத்திருந்ததால்தான் பட்டியல் பயன்பட்டது. சரக்கு இல்லாத கடைக்குப் பெயர்ப்பலகை எதற்கு? தெரசா மே 2016-இல் தாமே பிரதம மந்திரியானார்.

மாதப் பத்திரிகை நடத்திய தாய்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். ஃபிலிஸ் ஷ்லாஃப்லி (1924-2016) என்ற மாது ஆறு குழந்தைகளின் தாய். வாலிபத்தில் இரவு நேரங்களில் துப்பாக்கி ரவைத் தொழிற்சாலையில் வேலை செய்து, பகலில் கல்லூரியில் படித்தவர். 1967-இல் ரிபப்ளிகன் பெண்கள் சம்மேளனத் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தோற்றவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தமக்கு ஆதரவாக நின்ற பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு சிறு செய்தித்தாள் அனுப்பத் தொடங்கினார்.

1972 மார்ச்சில் ஆண் பெண் சம உரிமைச் சட்டத் திருத்தம் காங்கிரஸில் நிறைவேறி மாநிலங்களின் சம்மதத்திற்கு வந்தது. 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். ஓராண்டுக்குள்ளேயே 30 மாநிலங்கள் சம்மதித்துவிட்டன. அது குடும்பத் தலைவிகளுக்குள்ள பாதுகாப்பைப் போக்கிவிடும் என்று ஷ்லாஃப்லி எதிர்த்தார். அது பெண்களுக்கு நீதி தரும் என்று ஆதரித்த பெண்களும் இலட்சக்கணக்கானோர். யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நாம் பார்ப்பது அவர் வேலை செய்த விதத்தை. செய்தித்தாள் மூலம் பழகிய குடும்பத் தலைவிகளைக் கூட்டி, சட்டசபைக் கமிட்டி முன் எப்படிச் சாட்சி சொல்வது, தொலைக்காட்சியில் எப்படி நிதானம் இழக்காமல் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார். வீட்டில் சுட்ட ரொட்டியும் பழப்பாகும் எடுத்துக்கொண்டு அப்பெண்கள் சட்டசபை உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். நீட்டித்த கெடுவான 1982 ஜூன் 30 வந்தபோதும் 38 என்ற எண்ணிக்கை நிறைவேறவில்லை.

பெண்களை வீட்டில் இருக்கச் சொல்லும் இவர் மேடை மேடையாகப் பிரயாணம் செய்கிறாரே என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். கூர்மையான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியே ஓர் உண்மையையும் சொல்கிறது. பழமைக்காகப் பேச வேண்டுமானாலும் பேசத் தெரிந்த பெண் வேண்டும். மௌனம் எந்தக் கொள்கையையும் காப்பாற்றாது.

புத்தகம் படிக்கும் கூட்டம்

2004-இல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் கரின் ஆக்னஸ் என்ற மாணவி படித்து வந்தார். அவர் கோடை விடுமுறையில் வாஷிங்டனில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். தம்மைப் போன்ற எண்ணமுள்ள பெண்களோடு சேர்ந்து பேசுவதற்குச் சர்வகலாசாலையில் இடமில்லை என்று கண்டார். அங்குள்ள பெண்கள் நிலையத்தில் ஆதரவு கேட்டும் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே தாமே சில பெண்களைக் கூட்டி, ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்து விவாதிக்கத் தொடங்கினார். அதுவே 'நெட்வொர்க் ஆஃப் என்லைட்டண்ட் உமன்' என்ற ஸ்தாபனமாகிப் பல மாநிலங்களின் கல்லூரிகளுக்குப் பரவியது. பெரிய மாநாட்டோடு தொடங்கவில்லை. ஒரு புத்தகத்தோடு தொடங்கியது.

ஓர் ஆண்டு எப்படிச் செல்கிறது?

அமெரிக்கக் கல்வியாண்டு ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும். இத்தகைய மாணவர் கூட்டங்களின் ஆண்டுக் காரியங்களை நம் கணக்குப் புத்தகம் போல் வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, ஆள் சேர்த்தல். கல்லூரி திறந்தவுடன் ஒரு மேசை போட்டு, வருகிற பெண்களோடு முகம் பார்த்துப் பேசிப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பொறுப்புப் பிரித்தல். தலைவி, காரியதரிசி, பொருளாளர் யாவரும் மாணவிகளே. அறை கேட்டு வாங்குவதும் அவர்களே. வரவு செலவு எழுதுவதும் அவர்களே. தலைமை என்பது மேடையில் மாலை வாங்குவது என்று நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். பத்து வெள்ளிக்குச் சரியாகக் கணக்குக் காட்டிய பெண்ணிடம்தான் நாளை பத்தாயிரத்தை ஒப்படைக்கலாம்.

மூன்றாவது, விருந்தினரை அழைத்தல். வக்கீல், எழுத்தாளர், தொழில் நடத்துபவர் என்று வெளியுலகில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியை மாணவிகளே கடிதம் எழுதி அழைக்கிறார்கள். வரவேற்பதும் அறிமுகப்படுத்துவதும் நன்றி கூறுவதும் அவர்கள் வேலை. கேட்ட பேச்சு ஒரு வாரத்தில் மறந்துபோகலாம். அந்தப் பெண்மணியோடு ஏற்பட்ட பழக்கம் நிலைக்கும்.

நான்காவது, பொறுப்பை ஒப்படைத்தல். நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்ததும் மாணவி போய்விடுவாள். ஆகவே ஆண்டு முடியுமுன் அடுத்தவளைப் பழக்கிப் புத்தகங்களைக் கைமாற்றியாக வேண்டும். ஒரே ஆள் இருபது ஆண்டு காரியதரிசியாக இருக்கும் சங்கங்கள் இதைப் படித்துச் சிந்திக்கலாம்.

ஐந்தாவது, கோடைப் பயிற்சி. விடுமுறையில் பலர் வாஷிங்டன் அலுவலகங்களில் பயிற்சிக்குச் செல்கிறார்கள். ஓராண்டில் சேர்ந்த அறிமுகங்கள் அங்கே கதவு திறக்கின்றன.

குறைகளும் உண்டு

இம்முறையில் குறை இல்லையென்று சொல்ல மாட்டோம். காங்கிரஸ் அலுவலகங்களில் பயிற்சி பெறுவோர் பலருக்கு நெடுங்காலம் சம்பளம் கிடையாது. 2018-இல்தான் இரு சபைகளும் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கின. வெள்ளை மாளிகையில் சம்பளம் 2022-இல்தான் வந்தது. சம்பளமில்லாமல் வாஷிங்டனில் தங்கிச் சாப்பிட வசதியுள்ள வீட்டுப் பெண்ணால்தான் முடியும். ஏழை வீட்டுப் பெண்ணுக்குத் திறமை இருந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான். செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே தீர்மானிக்காத பயிற்சி, ஏற்கெனவே உள்ளவர்களுக்கே மேலும் கொடுத்ததாக முடியும்.

மற்றொன்று, ஒரே எண்ணமுள்ளவர்கள் மட்டும் கூடினால் மாற்றுக் கருத்தைக் கேட்கும் காது மங்கிவிடும். போட்டிக் கடையின் விலையைத் தெரிந்துகொள்ளாமல் யாராவது வியாபாரம் செய்வார்களா?

நமக்குரிய படிப்பினை

சகோதரர்களே! பழமையும் தலைமையும் பகையல்ல என்பதற்கு இவ்வரலாறுகள் சாட்சி. பகையாக இருப்பது நம் அசிரத்தைதான். ஒரு பெண் தன் திறமையால் தனியே ஏறிவிடலாம், அது அபூர்வம். பல பெண்கள் ஏற வேண்டுமானால் பெரியவர்கள் ஓராண்டு முழுவதும் விடாமல் சில சிறு காரியங்களைச் செய்ய வேண்டும். அதற்கு மண்டபமும் மாலையும் வேண்டாம்.

நம் வீட்டு வழக்கத்திற்கு ஏற்ற இடத்திலும் நேரத்திலும் மாதம் ஒரு முறை நம் பெண்கள் கூடி ஒரு புத்தகம் படிக்கலாம். சங்கத்தின் ஒரு நிகழ்ச்சிக்குரிய வரவு செலவை அவர்களிடமே ஒப்படைக்கலாம். ஆசிரியை, டாக்டர், வக்கீல், வியாபாரம் செய்யும் மாது என்று நம்மவரில் உள்ளவர்களை அவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம். நாணயமான பையனுக்காக மொத்த வியாபாரியிடம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை, திறமையுள்ள பெண்ணுக்காகவும் சொல்லலாம். போக்குவரத்துச் செலவுக்கு முடியாத வீட்டுப் பெண்ணுக்கு அதைச் சங்கமே ஏற்கலாம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் மகள் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கு வாங்கினாள் என்று நமக்குத் தெரியும். அவள் ஒரு காரியத்தை முன்னின்று நடத்தியதுண்டா என்று தெரியுமா?

2. கடைக் கணக்கை மகனுக்குக் காட்டும் நாம் மகளுக்கும் காட்டியிருக்கிறோமா?

3. சென்ற ஓராண்டில் ஓர் இளம் பெண்ணுக்காக நாம் யாரிடமாவது பரிந்து பேசியதுண்டா?

4. நம் சங்கத்தில் இன்று பொறுப்பிலுள்ளவர் விலகினால் அடுத்து யார்? அந்த 'யார்' என்பதில் நம் பெண் மக்களை எண்ணினோமா?

ஆண்டுக் கடைசியில் கடைக்கு ஐந்தொகை எடுக்கும்போது இந்த நான்கு வினாக்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். விடை 'இல்லை' என்று வந்தால் கவலைப்பட வேண்டாம். அடுத்த ஆண்டின் முதல் மாதக் கூட்டத்திற்கு இப்போதே ஒரு தேதி குறிப்போம்.