கொட்டகைக்குத் தனி டி.பி. பாக்ஸ்: எத்தனை ஆம்பியர், எந்த ஒயர்?

பேளுக்குறிச்சி சந்தையில் வருஷத்துக்கான மிளகாய், மல்லி, மஞ்சளை மொத்தமாக வாங்கி, வீட்டிலேயே தூள் அரைக்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். அரைக்கும் மெஷினைக் கொட்டகையில் வைப்பதானால், வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பிளக்கிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். அங்கே தனியாக ஒரு டி.பி. பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள்.

1. முதலில் கொட்டகையில் ஓடப்போகும் லோடைக் கூட்டுங்கள். 1.5 எச்.பி. மோட்டார் சுமார் 1,500 வாட் இழுக்கும். கீசர் 2,000. லைட், ஃபேன், கிரைண்டர் சேர்த்து 500. ஆக 4,000 வாட். இதை 230-ஆல் வகுத்தால் 17.4 ஆம்பியர். பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட்டினால் 22 வரும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 25 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே டிரிப் ஆகும் சுவிட்ச்).

2. அந்த 25-ஐத் தாங்கும் ஒயர் எது? பைப்புக்குள் போகும் செம்பு ஒயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்றால் ஏறக்குறைய 18 ஆம்பியர், 4 ஸ்கொயர் 24, 6 ஸ்கொயர் 31, 10 ஸ்கொயர் 42 தாங்கும். கம்பெனி தரும் அட்டவணையையும் பாருங்கள். நம் கணக்குக்கு 6 ஸ்கொயர்தான் வேண்டும். 4 போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

3. எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 25-ஐக் கழற்றிவிட்டு 40 போட்டால், டிரிப் நின்றுவிடும். ஆனால் ஒயர் பைப்புக்குள்ளேயே சூடேறி உருகும். வீடு தீப்பிடிப்பது இப்படித்தான். டிரிப் ஆனால் லோடைக் குறையுங்கள், அல்லது தடித்த ஒயர் போட்ட பிறகு எம்.சி.பி.யை மாற்றுங்கள்.

4. தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கொட்டகை 30 மீட்டர் தள்ளி இருந்து 20 ஆம்பியர் ஓடினால், 6 ஸ்கொயரில் 4 வோல்ட்டுக்குள்தான் குறையும். 2.5 ஸ்கொயரில் 9 வோல்ட் போய்விடும். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பதால் இன்னும் சரியும். லைட் மங்கும், மோட்டார் உறுமும்.

5. கிளம்பும்போது இப்படிக் கூடுதல் கரண்ட் இழுப்பதால், மோட்டாருக்கு ‘சி’ வகை எம்.சி.பி. கேட்டு வாங்குங்கள்.

6. 25 ஆம்பியர் எம்.சி.பி.யை ஒயர் புறப்படும் இடத்தில், அதாவது வீட்டு மெயின் போர்டில் வையுங்கள். கொட்டகை பாக்ஸில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு புழங்கும் இடம் அது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

7. பாக்ஸுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒருபோதும் சேர்த்துக் கட்டக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை வேண்டும். எர்த்துக்குப் பச்சை ஒயர்.

8. கூடுதல் லோடை மின்வாரியத்தில் பதியுங்கள். கூலிக்கு அரைத்துக் கொடுப்பதானால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது. அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

9. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.