கடல் கடந்த குரல்

நுழையும்முன்

பேரிடர் வேளையில் உணவும் மருந்தும் போலச் செய்தியும் உயிர் காக்கும். வெளியூர் சென்று வானொலி நிலையம் அமைக்கப் பல்லாண்டு காத்திருந்து அனுமதி பெற்ற ஒரு பெண்மணியின் முயற்சி, ஆழிப்பேரலையின்போது மக்களுக்குத் துணைநின்றதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தென்காசிச் சாரலில் நனைய ஆண்டுதோறும் மக்கள் குற்றாலத்தில் கூடுகின்றனர். மலையுச்சியில் பெய்யும் மழையை அருவியடியில் நிற்போர் அறிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம், உங்கள் வயதையொத்த மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. இத்தகைய இடங்களில் உரிய நேரத்தில் சென்றுசேரும் செய்தியே காவல். கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும் செய்தியைக் கொண்டுசேர்க்க வல்லது அமெச்சூர் வானொலி. இதனை 'ஹாம் வானொலி' என்றும் அழைப்பர்.

அலையும் மலையும்

கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் மலைகள் அவற்றைத் தடுக்கும். சிற்றலைகளோ வானிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல்களையும் கடந்துவிடும்.

உரிமமும் பொறுப்பும்

வானலை அனைவருக்கும் பொது. எனவே, அதனைப் பயன்படுத்த நடுவண் அரசின் உரிமம் தேவை. 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதித் தகுதி பெறலாம். உரிமம் பெற்றவருக்குத் தனி அழைப்புக்குறி வழங்கப்படும். வணிகத்திற்கு இவ்வானொலியைப் பயன்படுத்துதல் கூடாது. நிலையம் அமையும் இடமும் உரிமத்தில் குறிக்கப்படுவதால், வெளியூரில் இயக்க விரும்புவோர் அதற்குரிய விதிகளைப் பின்பற்றுதல் வேண்டும்.

அந்தமானில் ஒலித்த குரல்

பாதுகாப்பு முதன்மை வாய்ந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நிலையம் அமைக்கத் தனி அனுமதி தேவைப்பட்டது. 1987க்குப் பின் அங்கு அமெச்சூர் வானொலி ஒலிக்கவில்லை. தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அனுமதிக்காகத் தொடர்ந்து முயன்றார். 2004இல் அனுமதி கிடைத்தது. அவருடைய குழு அவ்வாண்டு டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, உலக ஹாம்களுடன் உரையாடி மகிழ்ந்தது.

டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது; ஆழிப்பேரலை எழுந்தது; தொலைத்தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்காக அமைந்த நிலையம் அந்நொடியே பேரிடர் மையமாயிற்று. தீவிலிருந்தோரின் நலச்செய்திகள் வானலைவழி பெருநிலத்திலுள்ள உறவினரைச் சென்றடைந்தன. கார் நிக்கோபாருக்கும் இப்பணி விரிந்தது.

பாரதி பிரசாத் அனுமதியின்றி இரகசியமாக நிலையம் அமைத்திருந்தால், அன்று அரசுடன் தோளோடு தோள் நின்று பணியாற்றியிருக்க இயலுமா? அனுமதி என்பது வெறும் தாள் அன்று. சமூகம் ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கை.

தெரியுமா?

இந்திய ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யூ.' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும். அந்தமானில் பாரதி பிரசாத் பயன்படுத்திய அழைப்புக்குறி வி.யூ.4 ஆர்.பி.ஐ.

கற்பவை கற்றபின்

1. குற்றாலத்தில் வெள்ள எச்சரிக்கையைச் சுற்றுலாப் பயணியருக்கு விரைந்து அறிவிக்கும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. 'விதிகள் தடைகள் அல்ல. துணைகளே' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.