பங்குக் கிணறும் பொதுக் கூரையும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் காணி உறுதியில், நிலத்தின் பரப்பையும் நாற்புற எல்லைகளையும் எழுதி முடித்த பின்னர், கிணற்றில் ஐந்திலொரு பங்கும் அதற்குரிய வழிவாய்க்கால் உரித்தும் எங்களுக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் பொருள், கிணறு கலக்கி இறைக்கும் நாளில்தான் வெளிப்படும். சேறு அள்ளிய கூலியில் ஐந்திலொன்றை என் தகப்பனார் எண்ணிக் கொடுப்பார். பங்காளர் ஐவரில் யார் எத்தனை வாளி தண்ணீர் அள்ளினார் என்று எவரும் விசாரித்ததில்லை. அந்தச் சம்பிரதாயத்தைக் கண்டு வளர்ந்தவனாகிய நான், 2009ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில், ஒன்பது வீடுகள் கொண்ட மூன்றடுக்குக் கட்டடம் ஒன்றில் மேல்மாடி வீட்டை வாங்கியபோது அதை அடியோடு மறந்துபோனேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே வியப்பாயிருக்கிறது.

வாங்கினேன் என்பதும் பேச்சு வழக்குத்தான். இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் லீஸ் என்னும் நெடுங்காலக் குத்தகை முறையிலேயே கைமாறுகின்றன. எனக்குக் கிடைத்தது 1988இல் தொடங்கிய 125 ஆண்டுக் குத்தகையில் எஞ்சியிருந்த காலம். நிலமும் சுவரும் கூரையும் படிக்கட்டும் பிரீஹோல்டர் எனப்படும் நிலவுடைமையாளருக்கே சொந்தம். அவற்றைப் பழுதுபார்க்கவேண்டிய கடமை அவருடையது. அதற்கான செலவைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய கடமை எங்களுடையது. செய்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த விசித்திரமான பிரிவினையிலிருந்துதான் சேர்விஸ் சார்ஜ் என்னும் இந்தப் பங்குக் கட்டணம் சம்பந்தமான சச்சரவுகளில் முக்காற்பங்கு பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். தன் பணத்தைச் செலவழிப்பவனுக்கு இயல்பாகவே உண்டாகும் எச்சரிக்கை, பிறர் பணத்தைச் செலவழிப்பவனுக்கு அவ்வளவாக உண்டாவதில்லை அல்லவா?

2012ஆம் ஆண்டு மாரிகாலத்தில், படுக்கையறை முகட்டில் தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் தோன்றி, இரண்டு வாரத்தில் தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தது. என் வீட்டின் மேலே இருப்பது என் கூரை என்று எண்ணி, அறிமுகமான வேலையாள் ஒருவரை ஏணியுடன் வரவழைத்தேன். அவர் கூரையோரத்தில் பாசியை வழித்தெறிந்து, பீலி நீர் இறங்கும் குழாயின் வாயில் சிக்கியிருந்த ஒரு பழைய டென்னிஸ் பந்தையும் பிடுங்கிக்கொண்டு வந்து, இரண்டு ஓடுகளை மாற்றிவிட்டு 420 பவுண் வாங்கிக்கொண்டு போனார். பற்றுச்சீட்டைக் கட்டட நிர்வாக முகவருக்கு அனுப்பினேன். கூரை தங்களுடைய வீட்டின் பகுதியன்று, அதில் கைவைக்கத் தங்களுக்கு அதிகாரமும் இல்லை, ஆதலால் பணம் தருவதற்கில்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த முகவர் எனக்கு எழுதிய கடிதங்களுள் முற்றிலும் சரியானது அது ஒன்றே என்பதைப் பின்னால் உணர்ந்தேன். கறை தோன்றிய அன்றே நான் செய்திருக்கவேண்டியது, படமெடுத்து, தேதியிட்டு, பழுதுபார்க்கும் கடமையை நிலவுடைமையாளருக்கு நினைவூட்டி ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துவதே.

2014இல் ஒரு கனத்த உறை வந்தது. பீட்சாக்கடை விளம்பரங்களோடு சேர்த்து அதையும் வாசிக்காமல் எறிந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து இரண்டாவது உறை வந்தபோதுதான், முழுக் கூரையையும் புதுப்பிக்க 41,400 பவுண் ஆகுமென்றும், ஒன்பதிலொரு பங்காக என் கணக்கில் 4,600 பவுண் விழுமென்றும் அறிந்தேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சட்டத்தரணி அலுவலகமொன்றில் வேலை பார்த்தான், அவனிடம் முறையிட்டேன்.

“அண்ணை, லீஸை வாசிச்சனீங்களோ?”

“வீடு வாங்கேக்கை சட்டத்தரணி வாசிச்சவர்தானே, தம்பி.”

“அவர் வாசிச்சதுக்கு அவருக்குக் காசு குடுத்தாச்சு. இனி நீங்கள் வாசியுங்கோ.”

மூன்று இரவுகள் வாசித்தேன். நாற்பத்திரண்டு பக்கங்கள், ஒரு வாக்கியம் தொடங்கிய பக்கத்தில் முடிந்தால் அதிருஷ்டம். ஆனால் அட்டவணைகளுக்கு வந்தபோது மேகம் விலகியதுபோல் இருந்தது. சுவரின் சாந்துப் பூச்சு என்னுடையது, அதன் பின்னுள்ள செங்கல் நிலவுடைமையாளருடையது. தரைப்பலகை என்னுடையது, அதைத் தாங்கும் உத்தரம் அவருடையது. என் வீட்டுக்கு மட்டும் நீர் கொண்டுவரும் குழாய் என்னுடையது, பலருக்கும் பொதுவான குழாய் அவருடையது. ஜன்னலின் கண்ணாடி என்னுடையது, சட்டம் அவருடையது. இந்தக் கடைசி வரியைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. முந்திய ஆண்டில்தான், மரச்சட்டங்கள் உக்கிப்போயின என்று என் மனைவி நச்சரிக்க, பிளாஸ்டிக் ஜன்னல் போடுவதற்கு மூன்று இடங்களில் விலை கேட்டிருந்தேன். கையில் பணம் இல்லாத ஒரே காரணத்தால் ஒப்பந்தத்தை மீறாமல் தப்பினேன். பக்கத்துக் கட்டடத்து லீஸில் சட்டமும் கண்ணாடியும் இரண்டுமே வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆகவே நண்பர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்பதெல்லாம் இவ்விஷயத்தில் பிரயோசனப்படாது. அவரவர் உறுதியில் எழுதியிருப்பதே பிரமாணம். பழுதுபார்த்தல் என்று மாத்திரம் எழுதியிருக்கிறதா, மேம்படுத்தல் என்றும் எழுதியிருக்கிறதா, வருங்காலச் செலவுக்கென்று சேமநிதி சேர்க்க இடமளித்திருக்கிறதா என்பவற்றையும் அங்கேதான் பார்க்கவேண்டும். இடமளிக்காத நிதியை ஒருவரும் வசூலிக்க முடியாது.

எழுத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு வேல்ஸ் நாட்டில் ஆக்ஸ்விச் என்ற கடலோர ஊரில் நடந்த வழக்கைச் சொல்லலாம். அங்கே விடுமுறைக் குடில்கள் சிலவற்றுக்கு, முதலாண்டில் சேர்விஸ் சார்ஜ் 90 பவுண் என்றும், அதன்பின் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுமுறையில் ஏறும் என்றும் லீஸில் எழுதியிருந்தார்கள். விலைவாசி துள்ளிக்கொண்டிருந்த 1970களில் அது பெரிதாகத் தெரிந்திராது. ஆனால் 2072ஆம் ஆண்டளவில் அந்தச் சிறு குடிலுக்கு ஆண்டுக் கட்டணம் ஐந்தரை லட்சம் பவுணைத் தாண்டிவிடும். இது எவ்வளவு அநியாயமாகத் தோன்றினாலும் எழுதியதை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஐவரில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். நிர்ணயித்த தொகைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இவ்வளவு குறைவு. எங்களுடையதைப்போல உண்மைச் செலவுக்கேற்ப மாறும் கட்டணமானால் நிலைமை வேறு: நிலவுடைமையாளர்-குத்தகையாளர் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, செலவு நியாயமானதாகவும் வேலை நியாயமான தரத்தில் செய்யப்பட்டதாகவும் இருந்தால் மட்டுமே அது எங்கள் தலையில் ஏறும்.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் வந்ததுதான் நான் எறிந்த அந்த உறை. ஒரு வீட்டாருக்கு 250 பவுணுக்குமேல் விழக்கூடிய வேலையானால், முதலில் உத்தேசத்தை அறிவித்து 30 நாள் அவகாசம் தரவேண்டும். அந்த நாட்களில் நாம் கருத்துச் சொல்லலாம், ஒப்பந்தக்காரர் ஒருவரின் பெயரையும் முன்மொழியலாம். அதன்பின் குறைந்தது இரண்டு மதிப்பீடுகளைக் காட்டி, மறுபடியும் 30 நாள் தரவேண்டும். இந்தக் கிரமம் தவறினால், தீர்ப்பாயம் விலக்களித்தாலன்றி, 250 பவுணுக்குமேல் வசூலிக்க இயலாது. நான் முதல் முப்பது நாளைத் தொலைத்திருந்தேன். இரண்டாவது முப்பதில் பதினொரு நாள் கழிந்திருந்தது.

மிஞ்சியிருந்த நாட்களில் கணக்குகளைப் பார்க்கக் கேட்டேன். செலவுச் சுருக்கத்தைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் பற்றுச்சீட்டுகளைப் பார்வையிட நமக்கு உரிமை உண்டு. முந்திய இரண்டாண்டுக் கோப்புகளையும் முகவர் மரியாதைக்காகத் தந்தார். மின்குமிழ் ஒன்றை மாற்றியதற்கு 78 பவுண், அதில் குமிழின் விலை நாலு பவுண் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டு, பக்கம் புரட்டினேன். பீலி துப்புரவு, 324 பவுண், ஆண்டுதோறும் ஒக்டோபரில் ஒருமுறை, மூன்று சீட்டுகள். 2012 ஒக்டோபரிலும் பீலியைச் சுத்தம் செய்ததாகக் கண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அல்லவா என் வேலையாள் பாசியையும் பந்தையும் கொண்டுவந்தார்! சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கட்டடத்தின் பெயர் எங்களுடையதுதான். தபாற் குறியீடு வேறு. அதே பெயருடைய இன்னொரு கட்டடத்தின் பீலிகள் மூன்றாண்டுகளாக எங்கள் பணத்தில் பளபளத்துக்கொண்டிருந்தன. எங்கள் பீலி அடைத்து, நீர் தேங்கி, ஓடுகளின் கீழே ஊறியிருந்தது. கூரை கெட்டதற்குக் காரணம் முதுமை மட்டுமன்று என்பது அந்த ஒரு தபாற் குறியீட்டில் இருந்தது.

நானும் வேறு நான்கு வீட்டாரும் கையொப்பமிட்டு, படங்களையும் சீட்டின் பிரதிகளையும் இணைத்து, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கருத்துரை அனுப்பினோம். கையொப்பம் வாங்கப் போனபோது கீழ்த்தள வீட்டு ஆங்கிலேய மூதாட்டி, எனக்கு மேலே இரண்டு வீடுகள் இருக்கின்றன, கூரை எனக்கு எதற்கு என்று கேட்டார். கிணற்றுக் கதையை அவருக்கு எப்படிச் சொல்வது? லீஸைக் காட்டி, உங்கள் தோட்ட வேலிக்கு நான் ஒன்பதிலொன்று கொடுக்கிறேனே என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, வேலி நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே கையொப்பமிட்டார்.

நடு மாடிக்காரர் ஒருவர் மட்டும், நியாயம் கிடைக்கும்வரை ஒரு சதமும் கட்டமாட்டேன் என்று நின்றார். அவருடைய வீரத்தை நான் மெச்சினேன், ஆனால் பின்பற்றவில்லை. கட்டாமல் விட்டால் லீஸையே பறிமுதல் செய்யும் நடவடிக்கைக்கு இடமுண்டு என்று பயமுறுத்தி முகவர் அவருடைய வங்கிக்கு எழுத, வங்கி தன் ஈட்டைக் காப்பாற்றப் பணத்தைக் கட்டிவிட்டு அதை அவருடைய வீட்டுக்கடனோடு சேர்த்துவிட்டது. பணம் கட்டிவிட்டதனால் மாத்திரம் ஒருவர் கட்டணத்தை ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிவைத்துக் கட்டிவிட்டு, முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போவது உசிதமான வழி. கட்டாமல் நிறுத்திவைக்கச் சட்டம் இடங்கொடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு: கோரிக்கைத் தாளில் நிலவுடைமையாளரின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால், அல்லது குடியிருப்பாளரின் உரிமைகளையும் கடமைகளையும் கூறும் அந்தப் பொடியெழுத்துத் தாள் இணைக்கப்படாவிட்டால், அவை வந்து சேரும்வரை பொறுத்திருக்கலாம். செலவு செய்து 18 மாதத்துக்குள் கோரிக்கையோ எழுத்துமூல அறிவித்தலோ வராத தொகையை அதன்பின் கேட்க முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்திடமிருந்து வீடு வாங்கிய நம்மவர் கிழக்கு லண்டனில் அநேகர்; அவர்களுடைய சங்கடம் வேறு மாதிரி. கவுன்சில் ஒரு பெருந்திட்டம் தொடங்கினால் பட்டியல் ஐந்திலக்கத்தில் வரும். நியூஹாமில் 93 வயது மூதாட்டி ஒருவருக்குக் கூரைக்காக ஏறக்குறைய 50,000 பவுண் பட்டியல் வந்ததன் விளைவாக, 2014இல் புளோரி சட்டம் என்று அவர் பெயராலேயே வழங்கும் உத்தரவு பிறந்தது. மத்திய அரசின் நிதியுதவியோடு நடக்கும் வேலைகளுக்கு ஐந்தாண்டு காலத்தில் லண்டனில் 15,000 பவுணும் பிற இடங்களில் 10,000 பவுணும் உச்சவரம்பு. அரசின் நிதி கலவாத வேலைக்கு அந்த உத்தரவு உதவாது. வாங்குமுன்னரே மூன்றாண்டுக் கணக்கையும், வரவிருக்கும் பெரிய வேலைகளைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை.

எங்கள் கருத்துரையின் பயனாக ஒரு கட்டட ஆய்வாளர் வந்து பார்த்தார். வடபுறச் சரிவு மட்டுமே மாற்றத்தக்கது, தென்புறத்துக்குச் சிறு பழுதுபார்ப்புப் போதும் என்றார். செலவு 23,400 பவுணாக இறங்கியது. என் பங்கு 2,600. முகவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த பட்டியலில், தவறாகப் பதியப்பட்ட பீலி துப்புரவு என்று ஒரு வரியும், அதற்கெதிரே 108 பவுண் வரவும் இருந்தன. என் 420 பவுண் போனது போனதுதான்.

அவ்வாண்டு ஒக்டோபரில் பீலி துப்புரவுக்கு ஆள் வருவதாக அறிவித்தல் வந்தது. குடையும் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். வாகனத்திலிருந்து இறங்கிய இளைஞன் என்னையும் கட்டடத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது பிரச்சினையா என்றான். தபாற் குறியீட்டைச் சொல்லச் சொன்னேன். கையிலிருந்த தாளைப் பார்த்துச் சரியாகச் சொன்னான். ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவன் மேலே ஏறினான்.