கல்லங்குறிச்சிப் பிள்ளைகளிடம் போகும் கருத்தாளர்களுக்கு

வானவில் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிய திட்டம் இது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களை அனுப்புகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சிப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பையில் இருப்பதைவிட அந்தப் பிள்ளைகளின் காலடியில் கிடப்பது அதிகம்.

1. கல்லில் தொடங்குங்கள். ஒரு துண்டு சுண்ணாம்புக் கல், ஒரு கருங்கல் ஜல்லி, ஒரு முட்டை ஓடு, பாதி எலுமிச்சம்பழம் போதும். மூன்றின் மேலும் சாற்றைப் பிழியச் சொல்லுங்கள். ஜல்லி சும்மா கிடக்கும். சுண்ணாம்புக் கல்லில் மெதுவாகக் குமிழி வரும்; ஆணியால் சுரண்டிப் பொடியாக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். முட்டை ஓடும் குமிழி விடும். முட்டைக்கும் கல்லுக்கும் என்ன உறவு என்று ஏதோ ஒரு பிள்ளை கேட்கும். அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. விடையை முந்திச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது கேட்ட செய்தி ஒன்றுதான்.

2. அடுத்து, சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் இந்தச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தப் பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரே கல்லங்குறிச்சி. தன் ஊர்ப் பெயரை எங்கோ ஒரு நாட்டு மாணவர் பாடத்தில் படிக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை ஆராய்ந்து எழுதினார். கடலுக்குள் அடித்து வரப்பட்டுப் புதைந்த மரம் அது. முடிந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். சாத்தனூரில் சிறு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது என்பதை வண்டி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. சுண்ணாம்பைச் சுற்றிய பாடம் பெரியது, அவசரப்படாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரில் உறிஞ்சு குழலால் ஊதச் சொல்லுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது, பக்கத்திலேயே நில்லுங்கள். நீர் பால் போலக் கலங்கும். கலக்குவது வேறொன்றுமில்லை, அவர்கள் மூச்சும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான அதே சுண்ணாம்புக் கல்லின் பொடிதான். காளவாயில் நடப்பது இதன் மறுபக்கம்: தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும், மற்றது வாயுவாகப் போய்விடும். சிமெண்ட் ஆலைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி வெப்பம். வகுப்பில் யாருடைய அப்பாவாவது சுரங்கத்திலோ ஆலையிலோ வேலை செய்வார். அவரை ஒரு நாள் பேச அழையுங்கள். தன் அப்பா கரும்பலகைக்கு முன்னால் நிற்பதைப் பார்ப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

காளவாயிலிருந்து வந்த நீறாத சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும்.

4. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளுக்கு யாரையும் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. இதில் விவாதமே வேண்டாம்.

5. தைரியமான பிள்ளை ஒன்று கருவியைப் பிடுங்கிக்கொள்ளும். மற்றவை வேடிக்கை பார்க்கும். நான்கு பேர் குழுவாகப் பிரித்து, பேசாமல் இருக்கும் பிள்ளையிடம் முதலில் கொடுங்கள். பெண் பிள்ளைகளைக் குறிப்பெடுக்கும் வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு மிகவும் வலிக்கிற பழக்கம் அது.

6. கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் திருவிழாவுக்குப் பள்ளியே காலியாகும். கோபப்படாதீர்கள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரைக் கவனித்து வரச் சொல்லுங்கள். இத்தனை டன் தேரை ஒரு மரக்கட்டை எப்படி நிறுத்துகிறது, எப்படித் திருப்புகிறது? மறுநாள் பொம்மைத் தேரும் ஆப்பும் செய்து பார்க்கட்டும்.

7. குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். அதற்கு இணையத்தில் தலைப்புத் தேடாதீர்கள். சுண்ணாம்புப் பூமியின் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு பாட்டில்களில் கிணற்று நீர், போர் நீர், மழை நீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்க எத்தனை சொட்டு ஆனது என்று எண்ணட்டும். காய்ச்சி ஆறிய நீரிலும் செய்யட்டும். பானை அடியில் படியும் வெள்ளைப் பொருக்கின் மேல் எலுமிச்சை பிழிந்தால் முதல் நாள் பார்த்த குமிழி திரும்ப வரும். தெருவாரியாக எண்ணிக்கையைக் குறிக்கட்டும். எதிர்பாராத எண் வந்தாலும் அழிக்காமல் மறுபடி செய்து பார்க்கட்டும். மாநாட்டுக்குத் தேர்வாகாவிட்டாலும், தண்ணீர் கொடுத்த வீடுகளுக்குப் போய் முடிவைச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். அது பிள்ளையிடமே இருக்கட்டும்.