‘வீடு இல்லை’ என்பது எப்போது குற்றம் ஆகிறது?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி, மூன்று வயதுக் குழந்தை. நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். இரண்டு மாதமாக வாடகை வீடு தேடுகிறோம். தாம்பரம் பக்கம் ஒரு வீடு பிடித்திருந்தது. ஹவுஸ் ஓனர் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து, “ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்சிடுங்க” என்றார். மறுநாள் போன் செய்து, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அன்று மாலையே புரோக்கர் கூப்பிட்டு, “ஓனரோட தம்பி பையனுக்கே வீடு வேணுமாம் சார்” என்றார். பத்து நாள் ஆகிறது, டூ-லெட் பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது. இன்னோர் இடத்தில், “நாங்க சைவம், தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார்கள். என்னோடு வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பருக்கோ பெயரைக் கேட்டதுமே கதவு சாத்தப்படுகிறது. “வீடு அவங்களோடது, யாருக்குக் கொடுக்கிறதுங்கிறது அவங்க இஷ்டம்” என்கிறார் புரோக்கர். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா? எது குற்றம், எது இல்லை என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: உங்கள் புரோக்கர் சொன்னதில் பாதிதான் உண்மை. வாடகைக்கு விடுவதும் விடாமல் இருப்பதும் உரிமையாளரின் விருப்பம்தான். ஆனால் தீண்டாமை காரணமாக மறுக்கும் விருப்பம் இந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. அடிப்படை உரிமைகளில் பல அரசை மட்டுமே கட்டுப்படுத்துபவை; இந்தப் பிரிவு தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். ஆகவே ‘வீடு தரவில்லை’ என்பது மட்டும் குற்றமாகாது. எந்தக் காரணத்துக்காகத் தரவில்லை என்பதில்தான் குற்றம் இருக்கிறது. காரணத்தை அடையாளம் காண்பதும், அதற்குத் தடயம் சேர்ப்பதும்தான் நீங்கள் செய்யவேண்டியவை.

முதலில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் சட்டம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. காவல் நிலையத்தில் ‘பி.சி.ஆர். சட்டம்’ என்பார்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதற்கோ, வாங்குவதற்கோ, குடியேறுவதற்கோ தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தடுத்தால் அது குற்றம் என்கிறது இதன் 4ஆவது பிரிவு. வாடகை வீடு, சொந்த வீடு, மனை மூன்றும் இதில் அடங்கும். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகையைப் பார்த்து இதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். சிறைத் தண்டனை உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் இது.

இதே சட்டத்தின் 12ஆவது பிரிவை நன்றாக நினைவில் வையுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக இத்தகைய செயல் நடந்திருந்தால், அது தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். ‘அப்படி இல்லை’ என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. ஓனரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதை நீங்கள் தோண்டி எடுக்கவேண்டியதில்லை. மறுப்பு நடந்தது என்பதை நீங்கள் நிறுவ வேண்டும். தம்பி பையன் கதையை அவர் நிறுவ வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்கள் சட்டப்படி பட்டியல் சாதியில் சேராததால் இந்த அனுமானம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் 4ஆவது பிரிவு ‘எந்த நபருக்கும்’ என்றே சொல்வதால் அவர்களும் புகார் கொடுக்கலாம். காரணத்தைத் தாங்களே நிரூபிக்கவேண்டி வரும்.

அடுத்தது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிறர் பார்க்கும்படியான இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும், இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பதும், குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியேறும்படி செய்வதும் இதன்கீழ் குற்றங்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் சேர்த்தது. ஒரு குடியிருப்போர் சங்கம் கூடி, ‘இந்த ஆட்களுக்கு இங்கே வீடு விடக்கூடாது’ என்று முடிவெடுத்தால் இந்தப் பிரிவையும் பார்க்க வேண்டும். ஆனால் உங்களுக்கு நடந்தது போன்ற, போனில் நாசூக்காகச் சொன்ன மறுப்புக்கு முதலில் கைகொடுப்பது பி.சி.ஆர். சட்டம்தான்.

இனி அடையாளங்கள். “நீ இந்தச் சாதி, வீடு கிடையாது” என்று இப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதனால் சொன்ன சொற்களைவிட நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். பேச்சு முடிந்து, நாள் குறித்து, ஊரும் தெருவும் தெரிந்த பிறகு மனம் மாறியதா? சாதிச் சான்றிதழையோ அப்பாவின் முழுப்பெயரையோ கேட்டார்களா? உங்களிடம் ‘ஆள் வந்தாச்சு’ என்றபின்னும் விளம்பரம் ஓடுகிறதா? அட்வான்ஸ் மற்றவர்களுக்கு ஒரு தொகை, உங்களுக்கு இரண்டு மடங்கா? மனை வாங்கும்போது, ‘அந்த வரிசை முழுக்க புக் ஆகிவிட்டது’ என்று சொல்லி ஓரத்து மனைகளை மட்டும் காட்டுகிறார்களா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகம். இரண்டு மூன்று சேர்ந்தால் அதுவே வழக்கு.

உங்கள் தாம்பரம் அனுபவத்தில் மூன்று இருக்கின்றன: முடிந்த பேச்சு, தெருவைப் பற்றிய கேள்வி, இறங்காத பலகை.

‘சைவம்’ என்ற பதிலுக்கு வருகிறேன். அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு இல்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. திருமணமாகாத இளைஞர்களுக்கு வீடு இல்லை என்பதும் அப்படித்தான். எனக்கு இது உவப்பானதல்ல. ஆனால் இன்றைய சட்டநிலை இதுதான். இருந்தாலும் அந்த நிபந்தனை உண்மையானதா, சாதியை மறைக்கும் போர்வையா என்று பார்க்க வழி உண்டு. முதலிலேயே சொன்னார்களா, உங்களைப் பற்றித் தெரிந்த பிறகு சொன்னார்களா? அதே வீட்டு மாடியில் அசைவம் சாப்பிடும் வேறு குடும்பம் குடியிருக்கிறதா? “நாங்கள் இந்த வீட்டில் சைவம் மட்டுமே சமைக்கிறோம்” என்று எழுதிக் கொடுக்க முன்வந்தபின்னும் மறுத்தார்களா? அப்படியானால் பிரச்சினை கறிக்குழம்பு அல்ல.

உங்கள் நண்பரைப் பொறுத்தவரை கசப்பான உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மதத்தைக் காரணம் காட்டி ஒரு தனியார் வீட்டு உரிமையாளர் வாடகைக்கு மறுப்பதைக் குற்றமாக்கும் நேரடிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2005இல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டுமே சேர்ப்போம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லி வட்டாரத்தில் வீட்டு உரிமையாளர்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் தனித்தனியே அழைத்துப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் தாராளமாகக் கிடைத்த வீடு தலித் பெயருக்கு இறுகியது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் இறுகியது. அநீதி இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் சட்டம் பேசாமல் இருப்பது நம் நாடாளுமன்றத்தின் குறை. மதம், சாதி, பாலினம் எதன் பேரிலும் வீடு மறுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் நமக்கு அவசரமாகத் தேவை.

ஆனாலும் நண்பருக்குச் சில வழிகள் உண்டு. வீட்டுவசதி வாரியம் போன்ற அரசு அமைப்புகளின் ஒதுக்கீட்டில் மதப் பாகுபாடு கூடாது. அங்கே அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு நேராகப் பாயும். புரோக்கர், வாடகைச் செயலி போன்றவர்கள் பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்கள். 15(2)ஆம் பிரிவிலுள்ள ‘கடை’ என்பதை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரிகள் தொடர்பான வழக்கில் சொன்னது. இவர்களையும் அதற்குள் கொண்டுவரலாம் என்று உயர் நீதிமன்றத்தில் வாதிட இடமிருக்கிறது. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன.

நீங்கள் இந்த வாரமே செய்யவேண்டியவை இவை. தேதி வாரியாக நடந்ததை எழுதுங்கள்: யார், எப்போது, என்ன சொற்களில் சொன்னார்கள் என்று. டூ-லெட் பலகையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். இணைய விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புரோக்கருக்கு வாட்ஸப்பில், “வீடு இன்னும் காலியாக இருக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை என்கிறார்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். வரும் பதிலும் சாட்சி, பதில் வராததும் சாட்சி. வேறு சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரை அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு ‘வாங்க, பாருங்க’ என்றால் அவர் உங்கள் சாட்சி. போன் உரையாடலைப் பதிவு செய்திருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டியிருக்கும்.

சாதிச் சான்றிதழ் நகலோடு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைக் காவல்துறை உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். மாவட்டத்தின் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

குடியேறிய பிறகு சாதி தெரிந்து காலி செய்யச் சொன்னால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திப் பணியவைப்பது சட்டவிரோதம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் எழுத்தில் அக்ரிமென்ட் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வேறு வீடு கிடைத்ததும் பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள். அலைச்சலும் வலியும் எவ்வளவு என்று எனக்குப் புரிகிறது. ஆனால் மறுத்த அன்றே குற்றம் நடந்தேறிவிட்டது. நீங்கள் வேறு இடத்தில் குடியேறுவதால் அது இல்லாமல் போகாது. 4ஆவது பிரிவுக் குற்றத்துக்கு வழக்கு நீதிமன்றத்துக்குப் போக ஓராண்டு காலவரம்பு உண்டு. எனவே முதலில் குடும்பத்துக்கு ஒரு நல்ல வீடு பாருங்கள். ஆனால் தாம்பரம் புகாரை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். அந்தப் பலகையைப் பார்த்து அடுத்து கதவைத் தட்டப்போகும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் அதை எழுதுகிறீர்கள்.