சிறு குழலுக்குள் பெருநெருப்பு

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

கைப்பேசி முதல் மின்சார ஸ்கூட்டர் வரை இன்று நம் வாழ்வைத் தாங்கி நிற்பது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதன் வளர்ச்சிக்கு உழைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நம் நாட்டில் மின்னணு சிகரெட்டைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. இவ்விரண்டு செய்திகளும் ஒரு சிறு குழலுக்குள் சந்திக்கின்றன. அச்சந்திப்பை நான் நூலகத்தில் அறியவில்லை. என் வீட்டு வாசலில் அறிந்தேன்.

நடந்தது என்ன?

என் தந்தையார் மாமல்லபுரம் பகுதியில் மூன்று சக்கர வண்டியில் சென்று பழைய இரும்பு, பிளாஸ்டிக், பாட்டில் வாங்குபவர். சுற்றுலாப் பயணிகள் தங்கிச் செல்லும் தெருக்களிலிருந்து வரும் சாக்குகளை மாலையில் வீட்டு வாசலில் கொட்டித் தரம் பிரிப்பார். சென்ற ஆண்டு வைகாசி மாதம் ஒரு நாள், விரல் நீளத்தில் வண்ணக் குழல் ஒன்று சாக்கில் கிடைத்தது. மேலுறை அலுமினியம் போலத் தோன்றியதால் கல்லின் மேல் வைத்துச் சுத்தியால் ஓர் அடி அடித்தார். ‘உஸ்’ என்ற ஓசையுடன் புகையும் தீயும் சீறின. கட்டை விரலும் மற்ற இரு விரல்களும் வெந்து போயின. பன்னிரண்டு நாள் வண்டி ஓடவில்லை.

கைக்குக் கட்டுப் போட்டு வந்த அன்று அவர் என்னிடம் கேட்டார்: “ஏண்டா, நீ இதானே படிக்கிற? இத்துனூண்டு சாமானுக்குள்ள இம்மாம் நெருப்பு எங்கடா இருந்துச்சு?”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. துறைப் பேராசிரியரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்த விடையே இக்கட்டுரை.

குழலின் அமைப்பு

‘வேப்’ என்று இளைஞர் அழைக்கும் இக்கருவியில் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, லித்தியம் அயனி மின்கலம். இரண்டு, நிக்ரோம் போன்ற உலோகத்தாலான கம்பிச் சுருள். மூன்று, கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின் ஆகியவை கலந்த திரவம் ஊறிய பஞ்சு. மின்னோட்டம் பாயும்போது சுருள் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. நம் வீட்டு மின் அடுப்பின் தத்துவமே இதுவும். சுருள் அளவுக்கு மீறிச் சூடேறினால் திரவம் சிதைந்து, பார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே மின்கலத்தின் குறை நுரையீரலையும் எட்டக்கூடியது என்பதை மறத்தலாகாது.

நெருப்பு எங்கே இருந்தது?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குழலின் மின்கலம் 500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது என்று கொள்வோம். அதன் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட்.

ஆற்றல் = 0.5 × 3.7 × 3600 = 6,660 ஜூல்.

30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 20 மில்லி லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வர 5,880 ஜூல் போதும். அதைவிட மிகுதியான ஆற்றல் ஒரு விரல் அளவுக் குழலில் அடங்கியுள்ளது. குழலில் திரவம் தீர்ந்தவுடன் அதை எறிந்து விடுகிறார்கள். ஆனால் திரவம் தீர்ந்தாலும் மின்கலத்தில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். தந்தையார் அடித்தது காலிக் குழலை அன்று, உயிருள்ள மின்கலத்தை.

மின்கலத்தின் நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு எனலாம். சுத்தி அடி விழுந்து அந்த ஏடு கிழிந்தால் இரு முனைகளும் உள்ளுக்குள்ளேயே தொட்டுக் கொள்கின்றன. மெதுவாக வெளிவர வேண்டிய ஆற்றல் ஒரே நேரத்தில் வெப்பமாக வெளிப்படுகிறது. சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் ஏட்டின் எஞ்சிய பகுதியும் உருகுகிறது. உள்ளிருக்கும் மின்பகுளி, பெட்ரோல் போலத் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். மேலும் சூடேறினால் நேர்மின்வாயில் உள்ள உலோக ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜனையும் தருகிறது. வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்த, வேதிவினை வெப்பத்தைப் பெருக்க, நிலைமை கட்டுமீறிப் போகிறது. எரிபொருளும் ஆக்சிஜனும் தீப்பொறியும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கின்றன. தந்தையார் கேட்ட நெருப்பு இங்கேதான் இருந்தது.

‘பவர் குறைந்து விட்டது’

திரவம் ஊற்றிப் பலமுறை பயன்படுத்தும் பெரிய கருவிகளில் வேறோர் ஆபத்து உண்டு. முழுதும் மின்னேற்றிய மின்கலம் 4.2 வோல்ட் காட்டும். தீரும் நிலையில் 3 வோல்ட்டுக்கு இறங்கும். திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே மின்னழுத்தம் 29 விழுக்காடு குறைந்தால் திறன் ஏறத்தாழ பாதியாகிறது. சீரான மின்சுற்று உடைய கருவி இதனை ஓரளவு ஈடு செய்யும். மலிவுக் கருவியில் அது இல்லையேல் ‘பவர் குறைந்து விட்டது’ என்று பயன்படுத்துபவர் குறைந்த மின்தடையுள்ள சுருளை மாட்டி விடுகிறார்.

விளைவைக் கணக்கிடுவோம். மின்கலத்தின் அக மின்தடை 0.05 ஓம் என்க. சுருள் 1.2 ஓம் ஆனால் மின்னோட்டம் 3.36 ஆம்பியர், மின்கலத்துக்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 0.56 வாட். சுருள் 0.2 ஓம் ஆனால் மின்னோட்டம் 16.8 ஆம்பியர், உள் வெப்பம் சுமார் 14 வாட். மின்னோட்டம் ஐந்து மடங்கு, வெப்பமோ இருபத்தைந்து மடங்கு! ஜூல் விதியை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். சட்டைப் பையில் அது தானே தேர்வு எழுதி விடுகிறது.

மின்னேற்றும்போதும் இதே கதைதான். 4.2 வோல்ட்டைத் தாண்டினால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து, ஊசி போல் வளர்ந்து ஏட்டைத் துளைக்கக்கூடும். இதைத் தடுக்கும் காப்புச் சுற்று கைப்பேசியில் உண்டு. பெயரில்லாத குழலில் அது உண்டா இல்லையா என்று யார் சோதித்தார்கள்?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், 2009 முதல் 2016 வரை மின்னணு சிகரெட்டால் 195 தீ, வெடிப்பு நிகழ்ச்சிகள் செய்திகளில் வந்ததாகவும், 133 பேருக்குக் காயம் ஏற்பட்டதாகவும் கூறப்பட்டுள்ளது. அவற்றுள் 61 நிகழ்ச்சிகளில் கருவியோ மின்கலமோ சட்டை, கால்சட்டைப் பையில் இருந்தது. 48 நிகழ்ச்சிகள் மின்னேற்றும்போது நடந்தவை.

நம் கடற்கரையில்

உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். கடற்கரை மணலில் எறியப்பட்ட குழலின் முனைகளில் உப்பு ஈரம் படிந்தால் உலோகம் அரிக்கும், மின்சாரம் கசியும். இதன் மேல் கத்தரி வெயிலும் சேர்கிறது. வெயிலில் கிடக்கும் சாக்கு மூட்டையிலும் பூட்டிய காரிலும் வெப்பம் வெளியே இருப்பதை விட மிகும். மாமல்லபுரத்தில் எறிந்த குழல் எங்கள் வீட்டு வாசல் வழியாகச் செங்கல்பட்டுக் காயலான் கடைக்கோ, குப்பை லாரிக்கோ போகிறது. வழியெங்கும் அதைத் தொடுபவர் புகைத்தவர் அல்லர்.

பெயரில்லாப் பொருள்

2016ஆம் ஆண்டு சாம்சங் நிறுவனத்தின் நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றின. நிறுவனம் முதலில் சுமார் 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெற முன்வந்து, பின்னர் உற்பத்தியையே நிறுத்தியது. தவறு நேர்ந்தது; ஆனால் பொறுப்பேற்க ஒரு பெயரும் முகவரியும் இருந்தன.

தமிழகத்தில் 2018 செப்டம்பரிலும், நாடு முழுவதும் 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டத்தின் மூலமும் மின்னணு சிகரெட் தடை செய்யப்பட்டது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை முதல்முறைக் குற்றமாயின் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தலும் குற்றமே. எனவே இன்று இங்கே கிடைக்கும் ஒவ்வொரு குழலும் மறைவாக வந்ததே. கருவி முழுவதையும் சோதித்துச் சான்று தரும் வழி இங்கில்லை. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. தடை செய்த பொருளுக்கு எந்த உற்பத்தியாளர் முன்வந்து நிற்பார்? ஆகவே அந்தப் பொறுப்பு கடைசியில் குப்பை பொறுக்கும் கைகளில் வந்து விழுகிறது. தடை தவறு என்று நான் கூறவில்லை. தடையை மீறி வாங்குபவர், தமக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுவதுதான் தவறு என்கிறேன்.

செய்ய வேண்டியவை

இத்தகைய குழலைக் கண்டால் அடிக்கவோ, துளைக்கவோ, நெருப்பில் இடவோ கூடாது. வெளியே தெரியும் மின்கல முனைகளை மின்காப்பு நாடாவால் ஒட்டி, உலர்ந்த மணல் இட்ட தகரப் பெட்டியில், வெயில் படாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். உப்பியது, நசுங்கியது, சூடானது எதையும் பையில் போடலாகாது. தீப்பற்றினால் விலகி நின்று 101ஐ அழைக்க வேண்டும். அப்புகையில் ஹைட்ரஜன் புளூரைடு போன்ற நச்சு வாயு இருக்கக்கூடும். தீப்புண்ணை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாவும் பற்பசையும் தடவுதல் கூடாது.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்து என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். கணக்குப் பகுதியைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எங்க சங்காத்தி பசங்க நாலு பேருக்கும் சொல்லணும், எழுதினத எடுத்துக்கினு வா” என்றார். மறுநாள் பழைய இரும்புக் கடை வாசலில் ஐந்தாறு பேர் நடுவே நின்று, ஆபத்தான குழல் எப்படி இருக்கும் என்று தரையில் படம் வரைந்து காட்டினேன். நான் நடத்திய முதல் வகுப்பு அது.

மாணவ நண்பர்களே! விடுதி அறையிலோ, கடற்கரையிலோ யாரேனும் அந்த வண்ணக் குழலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் நுரையீரலுக்காகச் சொல்லுங்கள். அதை மறுநாள் சாக்கில் எடுக்கப் போகும் ஒருவரின் விரல்களுக்காகவும் சொல்லுங்கள்.