புத்தாய்வுத் திட்ட நேர்காணலுக்கு முன்
எழுத்துத் தேர்வில் தேறி, தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்ட நேர்காணலுக்குப் போகிறீர்களா? பொது அறிவுப் புத்தகத்தை மூடிவையுங்கள். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு திட்டத்தையாவது ஆழமாக அறிந்திருங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல தேர்வு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடுவரை எப்படி வந்துசேர்கின்றன, தவறினால் ஏன் என்று செவிலியரிடமும் பயனாளிகளிடமும் கேளுங்கள். கேட்டதைச் சுருக்கமாகத் தமிழில் சொல்லிப் பழகுங்கள். குறை சொன்னால், அதை யார் எப்படிச் சரிசெய்யலாம் என்பதற்கும் பதில் வேண்டும். தேர்வானால், பணிக்காலம் 2 ஆண்டுகள். கேட்ட துறையும் ஊரும் கிடைக்காமல் போகலாம். வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.